ரிப்போர்ட் வரும்வரை ஒரு நாள்: வேலூர் கடைத்தெருவும் வங்கதேச விருந்தாளிகளும்

2024 ஆகஸ்ட் 5 அன்று வங்கதேசப் பிரதமர் ஷேக் ஹசீனா பதவியை விட்டு டாக்காவிலிருந்து வெளியேறினார். அடுத்த சில நாட்களில் வங்கதேசத்தில் இருந்த இந்திய விசா மையங்கள் மூடப்பட்டன. மறுபடி திறந்தபோது சுற்றுலா விசா கிடையாது. மருத்துவம், படிப்பு போன்ற அவசரத் தேவைகளுக்கு மட்டும், அதுவும் அளவாகத்தான் கொடுத்தார்கள். இதன் தாக்கம் வேலூர் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆஸ்பத்திரியை ஒட்டிய காந்தி ரோட்டுக்கும் பாபுராவ் தெருவுக்கும் வந்து சேர அதிக நாள் பிடிக்கவில்லை. லாட்ஜ்காரர்களின் கவலை எல்லோருக்கும் புரிந்தது. ஆனால் பாத்திரக் கடைக்கும் காய்கறிக் கூடைக்கும் போர்வைக் கடைக்கும் ஏன் அடி விழ வேண்டும்? ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் கடைத்தெருவில் என்ன செய்தார்கள்?

வெளியூர் போனால் கடைவீதியை மெதுவாகச் சுற்றிவரும் பழக்கம் எல்லா நாட்டாருக்கும் உண்டு. நமக்கு அது சிங்கப்பூர் தேக்காவிலோ கோலாலம்பூரிலோ கழியும் ஒரு பொழுது. டாக்காவிலிருந்தும் சிட்டகாங்கிலிருந்தும் வருகிறவருக்கு அந்த வெளிநாட்டுக் கடைவீதி நம் வேலூர்தான். அந்த ஒரு நாள் எப்படி ஓடுகிறது என்று பார்த்தால் மேலே கேட்ட கேள்விகளுக்குப் பதில் கிடைத்துவிடும்.

வருகிறவர்கள் யார்?

1900-இல் ஐடா ஸ்கட்டர் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய வைத்தியசாலைதான் இன்றைய சி.எம்.சி. 1902-இல் அது 40 படுக்கை மருத்துவமனை ஆனது. இன்று வடகிழக்கு மாநிலங்கள், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், பூடான், நேபாளம், வங்கதேசம் என்று பல திசைகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். கொல்கத்தாப் பக்கம் 'வேலூர் போகிறோம்' என்றால் வைத்தியத்துக்குப் போகிறோம் என்றே பொருள்.

இங்கே முதலில் தெளிவுபடுத்த வேண்டியது ஒன்று உண்டு. வங்காளம் பேசுகிறவர்கள் எல்லோரும் வங்கதேசத்தவர் அல்லர். மேற்கு வங்கம், திரிபுரா, அசாமின் பராக் பள்ளத்தாக்கு ஆகிய இடங்களிலிருந்து வருகிறவர்கள் இந்தியக் குடிமக்கள். அவர்களுக்கு விசா தேவையில்லை. ஹவுராவில் ரயில் ஏறினால் ஒரு நாளுக்குச் சற்று மேல் கழித்துக் காட்பாடியில் இறங்கிவிடலாம். வங்கதேசத்தவர் அந்த ஹவுராவுக்கு வந்து சேர்வதே ஒரு தனிப் பயணம். 2008 ஏப்ரல் 14 முதல் டாக்காவுக்கும் கொல்கத்தாவுக்கும் இடையே ஓடிய மைத்ரீ எக்ஸ்பிரஸ் 2024 ஜூலையில் நின்றது.

விசாவில் இரண்டு வகையைத் தெரிந்துகொண்டால் போதும். நோயாளிக்கு மருத்துவ விசா. கூட வருகிறவருக்குத் துணையாளர் விசா; ஒரு நோயாளிக்கு இரண்டு பேர் வரை இப்படி வரலாம். ஆக, ஆஸ்பத்திரிக் கணக்கில் ஒரு நோயாளி என்பது கடைத்தெருக் கணக்கில் இரண்டு மூன்று பேர்.

அந்த ஓய்வு நாள் எப்படி வருகிறது?

காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தாகிவிட்டது. ஸ்கேனுக்குத் தேதி நாளை மறுநாள். ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் பேசுவது அதற்குப் பிறகு. நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் வந்தால் இரண்டு மூன்று நாள் கையில் வேலையே இல்லை. லாட்ஜ் அறையில் நான்கு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் கவலைதான் கூடும். அதனால் வெளியே வருகிறார்கள். நடக்க முடிந்த நோயாளியும் சேர்ந்தே வருவார். கோட்டை அகழி ஓரம் கொஞ்ச நேரம், ஜலகண்டேஸ்வரர் கோயில் வாசல், அப்புறம் கடைத்தெரு.

இந்த நடையை உல்லாசப் பயணியின் நடையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். வேலூரிலிருந்து சிங்கப்பூர் போகிறவர் கையில் திரும்பும் டிக்கெட் இருக்கும். தேக்கா மார்க்கெட்டின் கீழ்த்தளத்தில் மீனையும் கீரையையும் வேடிக்கை பார்ப்பார், வாங்கமாட்டார். வாங்குவதெல்லாம் ஊருக்குக் கொண்டுபோகிற பொருள்: வாசனைத் திரவியம், சாக்லேட், கைக்கடிகாரம். வேலூர் வந்த வங்கதேசக் குடும்பத்துக்குத் திரும்பும் தேதி தெரியாது. ஆபரேஷன் என்று சொல்லிவிட்டால் வாரக்கணக்கில் இங்கேதான். எனவே அவர்கள் வாங்குவது ஊருக்குக் கொண்டுபோக அல்ல, இங்கே குடித்தனம் நடத்த. பல லாட்ஜ்களில் சமைத்துக்கொள்ள இடம் உண்டு. அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குக் கிடைக்கும். அரிசி, பருப்பு, கடுகு எண்ணெய், மீன், ஒரு கத்தி, ஒரு வாளி, கொசுவத்திச் சுருள். மருத்துவச் சுற்றுலா என்ற சொல்லில் 'சுற்றுலா' இருப்பதால்தான் இந்த வியாபாரத்தைப் பலர் தவறாகக் கணக்குப் போடுகிறார்கள் என்பது என் கருத்து.

மூன்று வட்டங்கள்

வேலூரில் இவர்கள் நடக்கும் இடங்களை மூன்று வட்டமாகப் பிரிக்கலாம்.

1. ஆஸ்பத்திரி வாசல் வட்டம். ஐடா ஸ்கட்டர் ரோடு, காந்தி ரோடு, பாபுராவ் தெரு. வங்காள எழுத்தில் போர்டுகள், வங்காளச் சாப்பாட்டு மெஸ், டிக்கெட் எடுத்துக்கொடுப்பவர், பணம் மாற்றுகிறவர், பெட்டி, பை, சால்வை. இங்கே வாடகை அதிகம். வருகிறவர் அவசரத்தில் வருகிறார். இரண்டும் விலையில் ஏறும்.

2. ஊர்க்காரர் வட்டம். லாங்கு பஜார், மண்டித் தெரு, நேதாஜி மார்க்கெட். முதல் வட்டத்திலிருந்து நடந்தே போய்விடலாம். ஆனால் வந்த முதல் நாளே யாரும் இங்கே வருவதில்லை. பக்கத்து அறைக்காரர் சொல்லித்தான் வழி தெரியும். இங்கே விலையைத் தீர்மானிப்பது உள்ளூர்க்காரர்கள். தினம் வந்து பேரம் பேசும் அக்காமார் நாலு பேர் பக்கத்தில் நின்று வாங்கும்போது புதியவரிடம் மட்டும் கூடுதலாகச் சொல்ல முடியாது.

3. வெளி வட்டம். ஆரணியில் பட்டு, ஆம்பூரில் செருப்பும் ஷூவும் பிரியாணியும், ஆற்காட்டில் மக்கன் பேடா, ஸ்ரீபுரம் பொற்கோயில். சிகிச்சை நல்லபடியாக முடிந்தவர்கள், அல்லது இன்னும் பத்து நாள் கழித்து வரச் சொல்லப்பட்டவர்கள்தான் இவ்வளவு தூரம் போவார்கள்.

இரண்டாவது வட்டத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நேதாஜி மார்க்கெட்டில் ஒரு கத்தரிக்காய்க் கூடை. வேலூர் முள்ளு கத்தரிக்காய் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. இலவம்பாடிப் பக்கத்துக் காய்க்கு அதில் தனிப் பெயர். காம்பில் முள் இருப்பதால் பழகாத கை சட்டென்று பின்வாங்கும். நம்மூர் அக்கா எண்ணெய்க் கத்தரிக்காய்க்குப் பிஞ்சாகப் பார்த்துப் பொறுக்குவார். வங்காளத்துப் பெண்மணிக்கு வேண்டியது வேறு. கத்தரிக்காயை வட்ட வட்டமாக நறுக்கி மஞ்சளும் உப்பும் தடவி எண்ணெயில் பொரித்தெடுப்பது அவர்கள் வீட்டில் அன்றாடம். 'பேகுன் பாஜா' என்று பெயர். வட்டம் அகலமாக விழ வேண்டும் என்பதால் பெரிய காயாகப் பார்த்துத் தனியே எடுத்து வைப்பார். பிஞ்சு ஒருவருக்கு, முற்றாத பெரிய காய் இன்னொருவருக்கு என்று ஒரே கூடையிலிருந்து போகிறது. மீன் கடையிலும் இதே கதை. அவர்களுக்கு ஆற்று மீன் வேண்டும்: ரோகு, கட்லா. தலையை ஒதுக்கிவிடாமல் சேர்த்துக் கொடுக்க வேண்டும். தலையைப் பருப்போடு சேர்த்துச் சமைப்பது அங்கே விருந்துச் சமையல். இதெல்லாம் தெரிந்த வியாபாரியிடம் அவர்கள் மறுநாளும் வருவார்கள்.

சொல்லும் எண்ணும் தடுமாறும் இடங்கள்

விலைத் தகராறுகள் பலவற்றில் ஏமாற்றும் எண்ணம் இருக்காது. பேச்சிலும் எழுத்திலும் உள்ள சில பொறிகள்தான் காரணம்.

1. 'டாக்கா' என்ற சொல். வங்காள மொழியில் 'டாக்கா' (தலைநகரின் பெயர் அல்ல, வேறு சொல்) என்றால் பணம். கொல்கத்தாக்காரர் நம் ரூபாயையும் 'டாக்கா' என்றுதான் சொல்வார். வங்கதேசத்திலோ அது அந்த நாட்டு நாணயத்தின் பெயர். வேலூர்க் கடைக்காரர் கொல்கத்தாக்காரரிடம் மொழி கற்றவர். 'நூறு டாக்கா' என்கிறார். கேட்பவர் தம் ஊர்ப் பணத்தில் மனக்கணக்குப் போட்டுவிடுகிறார். ரூபாயின் மதிப்பு அவர்கள் பணத்தைவிடக் கூடுதல். பொருளைக் கட்டியபிறகு கணக்கு மாறினால் மனம் கசக்கும். 'ரூபி' என்று சொல்லிவிட்டால் வங்காளிகள் இருவருக்குமே புரியும்.

2. எண். வங்காள எழுத்தில் நான்கு என்பது நாம் எழுதும் 8 போலவே இருக்கும். ஏழு என்பது 9 போலத் தெரியும். வீட்டிலிருந்து எழுதிக்கொண்டு வந்த சீட்டில் நான்கு கிலோ அரிசி என்று இருப்பதை எட்டுக் கிலோவாகப் படித்துவிட வாய்ப்பு உண்டு. கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டுவது வேலூரில் வழக்கமானது இதனால்தான். நல்ல வழக்கம்.

3. அளவு. பூ முழக்கணக்கு, வெற்றிலை கவுளிக் கணக்கு, கீரை கட்டுக் கணக்கு. அங்கே முட்டையும் எலுமிச்சையும் நான்கு நான்காக விற்கும். 'ஹாலி' என்று பெயர். முழம் மட்டும் உடனே புரிந்துவிடும். முழங்கை முதல் விரல் நுனி வரை அளக்கும் அதே அளவு அங்கேயும் உண்டு, 'ஹாத்' என்பார்கள்.

4. அழைப்பு. கொல்கத்தா இந்துக் குடும்பத்தில் அண்ணனை 'தாதா', அக்காவை 'தீதி' என்பார்கள். வங்கதேச முஸ்லிம் குடும்பத்தில் 'பாய்', 'ஆப்பா'. பின்னது நம் காதில் 'அப்பா' என்று விழும். லாங்கு பஜாரில் வீட்டில் உருது பேசும் கடைக்காரர்களுக்கு இந்தக் குழப்பமே கிடையாது. அவர்கள் வீட்டிலும் மூத்த சகோதரி 'ஆப்பா'தான். புதிதாக வந்த வங்கதேசக் குடும்பம் அந்தக் கடைகளில் சீக்கிரம் ஒட்டிக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பணம் எப்படி வருகிறது?

1. இந்திய ரூபாய் நோட்டை வெளிநாட்டவர் குறிப்பிட்ட அளவு, 25,000 ரூபாய் வரை, விமான நிலையம் வழியாகக் கொண்டுவர விதி இடம் தருகிறது. ஆனால் அந்தச் சலுகை பாகிஸ்தான், வங்கதேசக் குடிமக்களுக்குக் கிடையாது. எனவே வங்கதேசத்தவர் டாலராகத்தான் கொண்டுவர வேண்டும்.

2. அந்த டாலரை அவர்கள் ஊர் வங்கி பாஸ்போர்ட்டில் குறித்துக் கொடுக்கும். நோட்டாக 5,000 டாலருக்கு மேல் இருந்தால் இந்தியாவுக்குள் நுழையும்போதே சுங்கத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆபரேஷன் செலவோடு வருகிறவர்கள் இதைத் தவறவிட்டால் பின்னால் தொல்லை.

3. இரண்டு முறை மாற்றுவதால் இரண்டு முறை இழப்பு. பணம் மாற்றுகிறவர் வாங்கும் விலை வேறு, விற்கும் விலை வேறு. ஒவ்வொரு முறையும் நூற்றுக்கு ஒன்றரை போகிறது என்று வைத்துக்கொண்டால், வேலூர்க் கடையில் 1,000 ரூபாய்க்கு வாங்கும் பொருளுக்கு வாங்குகிறவர் ஏறக்குறைய 1,030 ரூபாய் கொடுத்தவர் ஆகிறார். அவர் அதிகமாகப் பேரம் பேசுகிறாரே என்று சலித்துக்கொள்வதற்கு முன் இதை நினைக்க வேண்டும்.

4. யுபிஐ-க்கு இங்கே வங்கிக் கணக்கு வேண்டும். வெளிநாட்டுப் பயணிகளுக்கென்று முன்பணம் போட்டுப் பயன்படுத்தும் வழி ஒன்று 2023-இல் தொடங்கப்பட்டது. கடைத்தெருவில் இவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் ரொக்கம்தான். பெட்டிக் கடையில் கூட ஸ்கேன் செய்து பழகிவிட்ட நாம் சில்லறை இல்லை என்று சொல்லும்போது இவர்களுக்கு வேறு வழியில்லை.

5. அனுமதி பெற்ற இடத்தில் டாலரை மாற்றினால் ஒரு சான்றுச் சீட்டு தருவார்கள். மீந்த ரூபாயைத் திரும்ப டாலராக்க அது வேண்டும். தெருவில் கூடுதல் விலை தருகிறேன் என்பவரிடம் மாற்றினால் அந்தச் சீட்டு கிடையாது.

வரி திரும்பக் கிடைக்குமா?

சிங்கப்பூரில் 2024 ஜனவரி 1 முதல் ஜிஎஸ்டி 9 சதவீதம். திட்டத்தில் சேர்ந்த கடையில் 100 சிங்கப்பூர் டாலருக்குக் குறையாமல் வாங்கும் சுற்றுலாப் பயணிக்கு, பொருளை நாட்டைவிட்டு எடுத்துப்போகும்போது விமான நிலையத்தில் அந்த வரி, சிறு கட்டணம் போகத் திரும்பக் கிடைக்கும். சாப்பாட்டுக்கும் ஓட்டல் அறைக்கும் கிடையாது. இதைக் கேள்விப்பட்ட வெளிநாட்டவர் வேலூரிலும் கேட்பார்கள்.

இந்தியச் சட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. 2017-இன் ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி சட்டத்தின் 15-ஆம் பிரிவு இதைப் பற்றியதே. ஆனால் அது நடைமுறைக்குக் கொண்டுவரப்படாமல் ஏட்டில் நின்றது. அந்தப் பிரிவு 'சுற்றுலாப் பயணி' என்று சொன்னாலும், குடியேறும் நோக்கமின்றி முறையான காரணத்துக்காக ஆறு மாதத்துக்கு மிகாமல் வந்து தங்கும் வெளிநாட்டவர் எல்லோரும் அதில் அடங்குவர். உடம்பு சரியில்லாமல் வந்து இரண்டு மாதம் தங்கி, அதற்குள் ஊருக்குத் தேவையானதையும் வாங்கிப்போகிற குடும்பத்துக்கும் பயன்படும் அந்தப் பிரிவுக்கு உயிர் கொடுத்தால் ஆம்பூருக்கும் ஆரணிக்கும் நல்லது.

இப்போதைக்குக் கவனிக்க வேண்டியது வரி வரம்பு. 2025 செப்டம்பர் 22 முதல் ஆயத்த ஆடைக்கும் காலணிக்கும் 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். வரிக்கு முன் 2,500 ரூபாய் விலையுள்ள ஷூ 2,625 ரூபாய்க்குக் கிடைக்கும். 2,600 ரூபாய் ஷூவுக்கோ 3,068 ரூபாய் கொடுக்க வேண்டும். நூறு ரூபாய் ஏற்றம் 443 ரூபாய் ஆகிவிடுகிறது. இது வெளிநாட்டவரிடம் கூடுதலாகப் பிடுங்கியது அல்ல என்று கடைக்காரர் பில்லைக் காட்டி விளக்கினால் போதும்.

பிடுங்குவதும் நடக்கிறது. பாக்கெட்டில் அச்சடித்த விலைக்கு மேல் வாங்குவது சட்டப்படி குற்றம். தண்ணீர் பாட்டிலுக்கும் பிஸ்கட்டுக்கும் அதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நிலத்தை விற்று, நகையை அடகு வைத்து வந்திருக்கும் குடும்பத்திடம் இதைச் செய்வது பாவம். ஊரின் பெயரும் அதோடு கெடும்.

விசா குறைந்தபோது எந்தக் கடை அடிபட்டது?

இனி முதலில் கேட்ட கேள்விக்கு வரலாம். அடி எல்லோருக்கும் ஒரே அளவில் விழ முடியாது.

முழுதும் வெளிநாட்டவரை நம்பியது பணம் மாற்றும் தொழில் மட்டுமே. அடுத்தது முதல் வட்டத்து லாட்ஜ், மெஸ், வாடகைப் பாத்திரம், சால்வை, பயணப்பெட்டிக் கடைகள். மேற்கு வங்கத்தாரும் வடகிழக்கத்தாரும் தொடர்ந்து வருவதால் இவை முற்றிலும் விழவில்லை. இரண்டாவது வட்டத்தில் உள்ளூர்க்காரர்தான் அடிப்படை வாடிக்கையாளர். அங்கே அடி மெல்லியது. பெரிய கத்தரிக்காய் கூடையில் தங்கிவிடுவதைக் கொண்டுதான் அந்த வியாபாரி தெரிந்துகொள்வார்.

ஆனால் தலைகளை மட்டும் எண்ணினால் இழப்பு சிறிதாகத் தெரியும். நாட்களை எண்ண வேண்டும். ஜாம்ஷெட்பூர்க்காரருக்கு அடுத்த பரிசோதனை ஒரு மாதம் கழித்து என்றால் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வருவார். வெளிநாட்டவர் அப்படிப் போய் வர முடியாது; மறுபடி எல்லை, மறுபடி விசாக் கவலை. சிகிச்சை முடியும்வரை இங்கேயே அறை எடுத்துத் தங்குவார். அதனால் ஒரு வங்கதேசக் குடும்பம் வராமல் போவது, கடைத்தெருவுக்குப் பல வாரக் குடித்தனம் வராமல் போவது.

எல்லாப் பழியையும் டாக்காமீது போடுவதும் சரியல்ல. 2022-இல் சி.எம்.சி.யின் ராணிப்பேட்டை வளாகம் திறந்தது. சில சிகிச்சைப் பிரிவுகள் அங்கே போயின. அந்த நோயாளிகளின் நடமாட்டமும் கூடவே நகர்ந்தது. பழைய வாசலில் கூட்டம் குறைந்ததில் இதற்கும் பங்கு உண்டு. விசா நிலைமை முழுதும் சீரானாலும் இந்தப் பங்கு காந்தி ரோட்டுக்குத் திரும்பி வராது என்பதை அங்கே கடை போடத் திட்டமிடுகிறவர்கள் கணக்கில் கொள்ள வேண்டும்.

கடைசி நாள்

ஊருக்குப் புறப்படும் முன் வரும் கடைசி நாளின் வியாபாரம் தனி ரகம். ரூபாயை உள்ளே கொண்டுவரத் தடை இருப்பதுபோலவே, வங்கதேசக் குடிமகன் இந்திய ரூபாயை வெளியே கொண்டுபோகவும் விதி இடம் தருவதில்லை. மீந்ததை, சான்றுச் சீட்டு இருந்தால், டாலராக்கலாம். மறுபடி ஒரு முறை இழப்பு. கொல்கத்தா வழிச் செலவுக்குக் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். மிச்சம் செலவாக வேண்டும்.

அதுவரை கத்தரிக்காயும் கடுகு எண்ணெயும் வாங்கிய அதே குடும்பம் அன்றைக்குத்தான் பரிசுப் பொருள் வாங்குகிறது. தங்கைக்கு ஒரு சேலை, மாமனாருக்குச் சால்வை, குழந்தைக்கு ஷூ, இத்தனையும் அடைக்க ஒரு சக்கரப் பெட்டி. அவசரம் இல்லை, பேரமும் அவ்வளவு இல்லை. காட்பாடிக்கு ஆட்டோ பிடிக்க இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது. பயணப்பெட்டிக் கடையில் ஜிப்பை நாலு முறை இழுத்துப் பார்ப்பார்கள். பையில் ஆஸ்பத்திரி ஃபைல் பத்திரமாக நிற்கும்படி உறை இருக்கிறதா என்று கேட்பார்கள். எக்ஸ்ரே படம் மடங்காமல் படுக்கும் அளவுக்கு அகலமான பெட்டியாகப் பார்த்துத்தான் எடுப்பார்கள்.